காற்றுப் புகுந்த பிரேக்கும் கதைக்காத இரண்டு பேரும்

எங்கள் வீட்டில் ஒரு சின்னக் காரின் பிரேக்கைத் திருத்த மூன்று பேர் வேண்டியிருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில், சில்லடியில் குந்தியிருந்து ஆணியைத் திறந்து பூட்ட ஒருவர், உள்ளே இருந்து பெடலை மிதிக்க ஒருவர், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கதையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர். முதலாமவர் என் கணவர். இரண்டாமவர் என் உம்மா. மூன்றாவது ஆள் நான், நிறைமாத வயிற்றோடு விறாந்தைக் கதிரையில். மற்ற ஊர்களில் இந்த வேலைக்கு இரண்டு பேர் போதுமாம்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். வந்த பிறகு மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், ஒரே பானைச் சோற்றைத் தின்பார்கள், நேருக்கு நேர் முகம் பார்த்துக் கதைக்க மட்டும் மாட்டார்கள். கோபதாபம் ஒன்றுமில்லை, அதுதான் மரியாதை. "இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டா எண்டு கேளு" என்று உம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வார். "போதுமெண்டு சொல்லு" என்று அவர் பாயில் இருந்து என்னிடம் சொல்வார். இரண்டு பேருக்கும் மற்றவரின் குரல் நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் வாயைத் திறந்து திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாக ஆகும். எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் என்ன தபாற் கந்தோரா என்று கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் சிரிப்பார்கள், தனித்தனியாக.

அவர் பாலமுனையிலிருந்து மருதமுனைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் ஊர்த் தறிகளில் நெய்த சாரன்களையும் படுக்கைச் சீலைகளையும் மட்டக்களப்புக்கும் பதுளைக்கும் கொண்டுபோய்க் கடைகளுக்குக் கொடுப்பது அவருடைய தொழில். அதற்காகத்தான் அந்தக் காரை வாங்கினார். இங்கினியாகலையில் குளம் கட்டும் வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர், வேலை முடிந்து சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. பின் ஆசனத்தில் சாரன் கட்டுகளை அடுக்கினால் ஆளுக்கு இடமில்லை, ஆள் ஏறினால் சாரனுக்கு இடமில்லை. அவ்வளவு சின்னக் கார். அவருக்கோ அது பெரிய கப்பல். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குத் தான் குளிப்பதற்கு முன்னால் அதைக் குளிப்பாட்டுவார்.

அந்தக் காரின் பிரேக் ஒரு பின்னேரம் எங்கள் ஒழுங்கையிலேயே விட்டுப் போனது. வழக்கம்போல் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார், வழக்கம்போல் வாசல் கடப்படியில் மிதித்தார், கார் வழக்கம்போல் நிற்கவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டி, பக்கத்து வளவின் கிடுகுவேலியைத் தாண்டி, சாயம் போட்டுக் காயவிட்டிருந்த நூலுக்குள் புகுந்து நின்றது. சிவப்பு நூலும் பச்சை நூலும் மாலை மாலையாகக் கழுத்தில் விழுந்து, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் புறப்பட்ட கார் போல் இருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். உம்மா சிரிக்கவில்லை.

அந்தக் கிழமைதான் கல்முனை டாக்குத்தர் என்னைப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, வலி வருமுன்னே மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளறையில் மருத்துவிச்சியின் கையில் பிறந்தவர்கள். எனக்கு அந்த அறை வேண்டாம் என்று தோன்றிவிட்டது. பயமாக இருந்தது, அதுதான் உண்மை. குறுக்காகக் கிடக்கிற பிள்ளையை மருத்துவிச்சி எண்ணெய் தடவித் திருப்பிவிடுவா என்று பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். திருப்ப முடியாமல் போனவர்களையும் எனக்குத் தெரியும். கல்முனையில் வாடகைக் கார் இருந்தது, ஆனால் முன்பின் தெரியாத ஆணின் காரில் நிறைமாதக்காரியை அனுப்ப உம்மா சம்மதிக்கமாட்டார். பஸ் என்றால் குலுங்கியே பிள்ளை வழியில் பிறந்துவிடும். எங்கள் கார்தான் ஒரே வழி. அதைப் பற்றி உம்மா ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"பிரேக் இல்லாத காருல என்ட புள்ளய ஏத்த மாட்டன் எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

முன் வலது சில்லுக்குள் ஒரு சின்ன ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய்ப் புது ரப்பரும் கொஞ்சம் பிரேக் எண்ணெயும் வாங்கி வந்தார். கல்முனையில் கார் திருத்துகிற பாஸ், தன் மகளின் கலியாணத்துக்கென்று ஊருக்குப் போயிருந்ததால் தானே செய்வதென்று இறங்கினார். ரப்பரை மாற்றினார். அது சின்ன வேலை. அதற்குப் பிறகுதான் பெரிய வேலை, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுப்பது.

காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை விரலால் தடவித் தடவி வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினார். பெடலை மிதித்தால் எண்ணெய் குழாய் வழியே ஓடிப்போய்ச் சில்லுக்குள் இருக்கிற கட்டையைத் தள்ளும், கட்டை சில்லைப் பிடித்து நிறுத்தும். எண்ணெயோடு காற்றும் இருந்தால் காற்று நசிந்துகொள்ளும், கட்டை அசையாது, பெடல் பஞ்சு போல் அமுங்கும். ஆகவே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும், மற்றவர் சில்லின் பின்னால் இருக்கிற சின்ன ஆணியைத் திறந்து காற்றை விடவேண்டும். ஆணியைப் பூட்டும்வரை மிதித்த கால் மேலே வரக்கூடாது. வந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். அவ்வளவுதான் வித்தை. காற்றாணி என்று நாங்களே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

மிதிக்க ஆள் தேடினார். வாப்பா வயல் வாடியில் நெல்வெட்டோடு இருந்தார், ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேரும் அப்படித்தான். கடைசியில் பக்கத்து வளவு நெசவாளியைக் கூப்பிட்டார். நூல் சேதமான மனிதர், ஆனாலும் கோபம் வைக்காமல் வந்தார். காருக்குள் ஏறி உட்கார்ந்தவர் காலுக்குக் கீழே பெடல்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தறிக்குழியில் இருந்து வலது, இடது, வலது, இடது என்று மிதித்த கால்கள். பிரேக்கையும் கிளச்சையும் மாறிமாறி மிதிக்கத் தொடங்கினார். "ஒண்டுதான், ஒண்டுதான் மிதிக்கோணும்" என்று இவர் கத்தினால் ஓம் ஓம் என்பார், கொஞ்ச நேரம் ஒரு காலோடு இருப்பார், பிறகு மற்றக் கால் தானாகப் புறப்பட்டுவிடும். தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தோம்.

அப்போதுதான் குசினி அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"நான் மிதிக்கிறன் எண்டு சொல்லு."

ஆச்சரியத்தில் நான் திருப்பிச் சொல்ல மறந்துபோனேன். அவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இருந்தார். பிறகு எனக்கு நினைவு வந்து, "உம்மா மிதிப்பாவாம்" என்றேன். அவர் உடனே காரை விட்டுத் தூரப்போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உம்மா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, பிஸ்மி சொல்லி, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு காரின் ஓட்டுகிற ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். உம்மா உட்கார்ந்த பிறகு என் கணவர் குனிந்தபடி பின்பக்கமாகச் சுற்றி வந்து சில்லடியில் ஒளிந்துகொண்டார்.

"மிதிக்கச் சொல்லு."

"உம்மா, மிதிக்கட்டாம்."

"மிதிச்சிட்டன் எண்டு சொல்லு."

"மிதிச்சிட்டாவாம்."

"உடாம வெச்சிரிக்கச் சொல்லு."

"உடாம வெச்சிரிக்கட்டாம்."

இப்படியே போனது. புத்தகத்தில் இல்லாத இன்னொரு கூத்தும் இருந்தது. எண்ணெய் ஊற்றுகிற வாய், ஓட்டுபவரின் காலடியில் பலகைக்குக் கீழே இருந்தது. எண்ணெய் குறைந்தால் உம்மா இறங்கிக் குசினிக்குள் போகவேண்டும், பிறகு இவர் வந்து பலகையைத் தூக்கி ஊற்றவேண்டும், பிறகு இவர் போய் மறையவேண்டும், பிறகு உம்மா வந்து ஏறவேண்டும். ஒவ்வொரு தடவையும் நான்தான் "இப்ப போங்க", "இப்ப வாங்க" என்று இரண்டு பக்கமும் அறிவிக்கவேண்டும். என் வயிற்றுக்குள் இருந்த பிள்ளைகூட இந்தச் சத்தத்தில் புரண்டு புரண்டு படுத்தது.

ஆனால் வேலை நடந்தது. பின் சில்லுகள் இரண்டும் சரி. முன் இடது சில்லும் சரி. வலது முன் சில்லில்தான் மாட்டிக்கொண்டோம். காற்றாணியில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி, மற்ற நுனியை ஜாம் போத்தலுக்குள் விட்டிருந்தார். நுனி எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கவேண்டும் என்று புத்தகம் சொன்னதாம். மூழ்குகிற அளவுக்குப் போத்தலில் விட எங்களிடம் எண்ணெய் ஏது. திறக்கும்போதெல்லாம் சளசளவென்று நுரை வந்தது. காற்றுப் போகிறது, நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் எத்தனை தரம் திறந்தாலும் அதே நுரை. கடலில் இருக்கிற காற்று முழுக்க அந்தச் சில்லுக்குள் வந்து குடியிருப்பது போல் இருந்தது.

அவர் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். புது ரப்பரைப் பின்முன்னாகப் போட்டுவிட்டேனோ என்று கழற்றிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. குழாயைப் பூட்டுகிற சுரை தளர்ந்திருக்கிறதோ என்று இறுக்கினார். இன்னும் இறுக்கினார். கட்டைகள் தூரத்தில் நின்றால் பெடல் ஆழமாகப் போகும் என்று புத்தகம் சொன்னதால் அவற்றைக் கிட்டக் கொண்டுவந்தார். எல்லாம் செய்துவிட்டு மறுபடி, "மிதிக்கச் சொல்லு." மறுபடி நுரை. காருக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது என்று உம்மா சொல்லச் சொன்னார். அதை நான் சொல்லவில்லை. எண்ணெயோ அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

அப்போது எனக்குள் ஒரு கெட்ட எண்ணம் முளைத்தது. உம்மாவுக்கு நான் மட்டக்களப்புக்குப் போவதில் விருப்பமில்லை, காலை வேண்டுமென்றே எடுத்துவிடுகிறார். எண்ணெய் ஊற்றுவதற்காக உம்மா இறங்கிக் குசினிக்குள் போனபோது நானும் பின்னால் போனேன்.

"உம்மா, நீங்க வேணுமெண்டுதானே கால எடுக்கிறீங்க? கார் சரிவந்தா நான் போயிருவன் எண்டு."

உம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுளகை எடுத்து ஒரு பக்கம் வைத்தார், மறுபடி எடுத்து மற்றப் பக்கம் வைத்தார்.

"எனக்கு ஆசுபத்திரியில பயமில்ல மகள். றோட்டுலதான் பயம்" என்றார். "உனக்குப் பொறகு ஒரு ஆம்புளப் புள்ள வயித்துல. சிக்கலாப் போயிட்டெண்டு மாட்டுவண்டில்ல போட்டுக் கொண்டுபோன. வழியில மாடு வெருண்டு ஓடிட்டு. வாப்பா கயித்தப் புடிச்சி இழுக்கார், இழுக்கார், நிப்பாட்ட ஏலாமப் போயிட்டு. வண்டில் சரிஞ்சது. நான் தப்பின. அவன் தப்பல்ல."

எனக்கொரு தம்பி பிறந்து இறந்தான் என்று தெரியும். வண்டிலைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

"அதுக்குத்தான் நானே மிதிக்கன்" என்றார் உம்மா. "நிக்கும் எண்டு என்ட காலுக்குத் தெரியோணும். தெரிஞ்சாத்தான் உன்ன ஏத்துவன்."

கேட்டதற்காக என் வாயையே அடிக்கலாம் போல் இருந்தது. ஆனால் அழுதுகொண்டிருந்தால் காற்றை யார் எடுப்பது? இந்த மனுஷி வேண்டுமென்று காலை எடுக்கவில்லை என்றால் பிறகு என்னதான் நடக்கிறது? கதிரையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கதை கொண்டுபோவதோடு கண்ணையும் கொண்டுபோனேன்.

"மிதிக்கச் சொல்லு." சொன்னேன். திறந்திருந்த கார்க் கதவு வழியே உம்மாவின் கால் மிதிப்பது தெரிந்தது. அவர் ஆணியைத் திறந்தார். நுரை வந்தது. இதுவரை எல்லாம் சரி. பெடல் அடிவரை போய்விட்டதா என்று கேட்கவேண்டும். பின் சில்லுகளில் இருந்தபோது அவர் குந்தியபடியே சத்தமாகக் கேட்டார். இடது சில்லில் இருந்தபோதும் அப்படித்தான், கார் மறைப்பதால் அங்கிருந்து நான் தெரியமாட்டேன். விறாந்தை இருந்த இந்த வலது பக்கத்தில் மட்டும் நான் அவருக்கு நேர் எதிரே இருந்தேன். கட்டின பெண்சாதி எதிரில் இருக்கும்போது மண்ணைப் பார்த்துக் கதைப்பாரா மனுஷன்? ஆணியைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தி, "அடிமட்டும் போயிட்டா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நிமிர்ந்த தலை பொனட்டுக்கு மேலே, உம்மாவின் கண்ணுக்கு நேரே போய் நின்றது.

உம்மா சட்டென்று முக்காட்டை இழுத்தார். கை மேலே போனது, உடம்பு பின்னால் சாய்ந்தது, கால் பெடலோடு சேர்ந்து மேலே வந்தது. அங்கே ஜாம் போத்தலில் குழாய் ஒரு பெருமூச்சு இழுத்தது. அடுத்த கணம் உம்மாவின் கால் மறுபடி பெடலை அடியில் அமத்திக்கொண்டிருந்தது. எடுத்தது உம்மாவுக்கே தெரியாது.

அத்தனை நேரமும் ஒரு பக்கத்தால் வெளியேற்றிய காற்றை முக்காட்டோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதை யாரிடம் சொல்வது? நீங்கள் தலையைக் காட்டுகிறீர்கள் என்று அவரிடம் சொன்னால் வெட்கத்தில் வேலையையே விட்டுவிடுவார். நீங்கள் முக்காட்டை இழுக்கிறீர்கள் என்று உம்மாவிடம் சொன்னால் இனி அந்தக் காரில் ஏறவே மாட்டார். நான் எழும்பி உள்ளே போனேன். பதுளைக்கு அனுப்பக் கட்டிவைத்திருந்த கட்டுக்குள்ளிருந்து நல்ல அகலமான படுக்கைச் சீலை ஒன்றை உருவி எடுத்துவந்தேன்.

"என்னத்துக்கு அது?" என்றார் அவர். விற்கிற சாமான் அல்லவா.

"உம்மாட மொகத்துல வெயில் அடிக்கிது" என்றேன்.

சீலையின் ஒரு பக்கத்தைக் காரின் கூரையில் செங்கல் வைத்து அமத்தி, மற்றப் பக்கத்தைப் பொனட்டின் மேலே விரித்துவிட்டேன். கண்ணாடி மறைந்தது. உள்ளே உம்மா நீலக் கோடு போட்ட இருட்டில், தன் அறைக்குள் இருப்பது போல் வசதியாக இருந்தார். முக்காட்டைக்கூடத் தளர்த்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"மிதிக்கச் சொல்லு."

உம்மா மிதித்தார். அவர் திறந்தார். நுரை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, போயிட்டா என்று கேட்டார். ஓம் என்றேன். பூட்டினார். அடுத்த தரம் நுரை குறைந்தது. அதற்கடுத்த தரம் ஒன்றிரண்டு குமிழி. பிறகு எண்ணெய் மட்டும், சத்தமில்லாமல், நூல் இழுத்தது போல் வந்தது. போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவர் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். ரப்பர் கடைசியில் நன்றாகப் படிந்துவிட்டது என்று எனக்கு விளக்கம் சொன்னார். ஓம், படிந்துவிட்டது என்றேன் நானும்.

சீலைக்குள்ளிருந்து உம்மா திரும்பத் திரும்ப மிதிப்பது தெரிந்தது. யாரும் சொல்லாமலே மிதித்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் வந்தது.

"கல்லு மாதிரி இரிக்கி எண்டு சொல்லு. விடிஞ்சா போவம் எண்டு சொல்லு."

விடிந்ததும் புறப்பட்டோம். முன்னால் அவர் தனியே, பின்னால் நானும் உம்மாவும். பெரியநீலாவணை தாண்டிக் கல்லாற்றுப் பக்கம் போகும்போது நெல்மூட்டை ஏற்றிய மாட்டுவண்டில் ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியது. உம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. முன்னால் அவர் பிரேக்கை மிதித்தார். கார் மூக்கைக் குத்திக்கொண்டு, வண்டிலுக்கு நல்ல தூரத்திலேயே நின்றுவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். உம்மாவின் வலது காலும் பின் ஆசனத்துக் காலடிப் பலகையை அமத்திக்கொண்டிருந்தது. வண்டில் விலகி, கார் நகர்ந்த பிறகும் கொஞ்சத் தூரத்துக்கு அது மேலே வரவில்லை.

ஆஸ்பத்திரியில், நோயாளரைப் பார்க்கிற நேரம் தவிர, ஆண்களைப் பிரசவ வார்ட்டுக்குள் விடமாட்டார்கள். உம்மா மட்டும் என்னோடு இருந்தார். என் கணவர் வெளியே மரத்தடியில் காரோடு கிடந்தார். பிள்ளை லேசில் வரவில்லை. இரண்டு டாக்குத்தர்மார் வந்தார்கள். அதற்கு மேல் அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு பெண்பிள்ளை. அவளும் நானும் தப்பினோம். உள்ளறையில் இருந்திருந்தால் இரண்டில் ஒன்றாவது போயிருக்கும் என்று வயதான டாக்குத்தர் உம்மாவிடம் சொன்னாராம்.

எனக்குக் கண் திறந்து பார்க்கத் தெம்பு வந்தபோது உம்மா பக்கத்தில் இல்லை. யாரோ ஒருவர் போய் மரத்தடியில் இருந்தவருக்குச் சொல்லவேண்டும், சொல்கிற வேலைக்காரியான நான் படுக்கையில் கிடக்கிறேன், தாதிமாருக்கு நேரமில்லை. உம்மாவே போயிருந்தார். திரும்பி வந்ததும், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "சொல்லவேண்டியதச் சொன்ன" என்று பிள்ளையின் துணியைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார்.

பார்க்கிற நேரத்தில் அவர் வந்தார். மகளைக் கையில் வாங்கிப் பார்த்து முடிந்ததும், உம்மா என்ன சொன்னா என்று அவரிடமும் கேட்டேன்.

"மாமி வந்து காருக்கு மற்றப் பக்கம் நிண்டா" என்றார். "என்னப் பாக்கல்ல. காரப் பாத்துத்தான் சொன்னா. 'பொம்புளப் புள்ள. தாயும் புள்ளயும் சொகம்' எண்டு. நானும் காரப் பாத்துத்தான் அல்ஹம்துலில்லாஹ் எண்டன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் வயிறு வலித்தது, வலித்தாலும் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பொறகு போகத் திரும்பினா" என்றார். "திரும்பினவ நிண்டு, என்ட மொகத்தப் பாத்தா. 'நல்லா நிப்பாட்டினீங்க, மகன்' எண்டா."

அதைச் சொல்லி முடித்துவிட்டு, பிள்ளையை என் பக்கத்தில் கிடத்தி, சாரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.